லூயிசா சொல்லாத பதினேழு பதில்கள்

என் இடது முழங்காலை மாற்றிய அன்று மந்தைவெளி முழுவதும் கரண்ட் போய்விட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எலும்பை அறுக்கிற ரம்பத்துக்கு அத்தனை மின்சாரம் தேவைப்பட்டது என்பேன். காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு உட்காருகிற ஆறு பேரும் இதை நம்பினார்கள். அதில் ஒருவர், தான் அன்றைக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகவே சேர்த்துச் சொன்னார். உண்மையில் கரண்ட் போனது எங்கள் தெருவில் மட்டும், பத்தே நிமிஷம், அதுவும் ஆபரேஷனுக்கு முந்தின வாரம்.

இப்படிக் கூட்டிச் சொல்வதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று எழுபத்தொரு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முடிந்தவரை கூட்டாமல்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மயிலாப்பூர் பக்கம், நாலு மாடி. ஆபரேஷன் அன்று காலை ஐந்தரை மணிக்கு என் அறைக்கு வந்தவர் லூயிசா சிஸ்டர். சாந்தோம்காரர், முப்பத்தெட்டு வயசு, பதினாறு வருஷ சர்வீஸ். உடம்பின் மேல் இருக்கிற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார். மோதிரம் போயிற்று, பல்செட் போயிற்று, பூணூல் மிச்சம். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்த ஆள் அதைப் பார்த்ததும், ஐயர் சாமி சமாசாரம், நாம தொடக் கூடாது என்று இரண்டு அடி பின்னால் போனார். லூயிசாதான் என்னைக் கேட்டார். கழற்றி வைக்கலாமா, இல்லை மணிக்கட்டில் சுற்றி மேலே பிளாஸ்திரி போடலாமா, உங்களுக்கு எது சரி என்று.

அறுபது வருஷமாகத் தோளில் தொங்குகிற நூல். அதைப் பற்றி எனக்கு எது சரி என்று அதுவரை ஒரு மனுஷர் கேட்டதில்லை. எனக்கு எதுவானாலும் சரிதான் என்பதே நிஜம். ஆவணி அவிட்டத்துக்கு ஆவணி அவிட்டம் அதன் ஞாபகம் வரும், அவ்வளவு. ஆனால் வெளியே பெஞ்சில் என் மனைவி ஹம்சா உட்கார்ந்திருந்தாள்.

"சுத்தியே விட்டுடுங்கோ சிஸ்டர். ஆத்துல கேட்டா நான்தானே பதில் சொல்லணும்" என்றேன்.

அவர் சிரிக்காமல் சுற்றிவிட்டார். பிற்பாடு பூங்காவில் இதைச் சொன்னபோது நாலு டாக்டர்கள் கத்தியோடு மறித்து நிற்க, லூயிசா தன்னந்தனியாகப் போராடிப் பூணூலைக் காப்பாற்றியதாக வந்தது. நடந்தது இவ்வளவுதான்: ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் காதில் வாங்கினார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அனுப்ரியா வந்தாள். ஆஸ்பத்திரியின் தரப் பிரிவில் வேலை, மகள் வயசு. நோயாளிகள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்க வந்தவளை நான் உட்காரவைத்து, என் உத்தியோகப் பெருமை முழுவதையும் சொல்லித் தீர்த்தேன். முப்பத்துநாலு வருஷம் அரசாங்கத்தில் கணக்கெடுக்கிற வேலை. எந்த ஆபீஸ் என்பதும் வேண்டாம். ஆடு, மாடு, கிணறு, தறி, கக்கூஸ் என்று எண்ணக்கூடிய எதையும் நான் விட்டதில்லை. எறும்பை மட்டும்தான் எண்ணவில்லை, அதற்கும் சுற்றறிக்கை வராததால்தான் என்றேன். அவளுக்கும் கணக்கெடுக்கிற ஆளைப் பார்த்ததில் சந்தோஷம். தன் கையில் இருந்த ஃபாரத்தைக் காட்டினாள்.

நர்ஸுகளுக்கான ஃபாரம். இருபத்தாறு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். சுத்தமாக ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒன்று, முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்றால் ஐந்து. ஆஸ்பத்திரிக்குப் பல தினுசு ஜனங்கள் வருகிறார்கள். ஏகாதசியன்று வெங்காய சாம்பார் வந்ததற்கு ஒரு சண்டை. ராயப்பேட்டையிலிருந்து வந்த அம்மாளுக்கு ஆண் டெக்னீஷியன் ஈ.சி.ஜி. எடுக்கப் போனதற்கு ஒரு சண்டை. நோயின் பெயரை அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளும், எனக்குத் தெரியாமல் யாரிடம் சொன்னீர்கள் என்று அப்பாவும் போட்ட சண்டை வேறு. நோயாளியின் பழக்கவழக்கத்தை நர்ஸுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், நர்ஸ் தனக்குள் எந்த மதிப்புகளை வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது என்பவரா, தன் விருப்பமா குடும்பமா, ஆணும் பெண்ணும் சமமா, இந்த மாதிரி.

"இதுல முக்கியம் என்னன்னா சார், கிறிஸ்டியன்னா இப்படி, கேரளான்னா அப்படின்னு நாமளே ஒரு கணக்கு வெச்சிருக்கோம் பாருங்க, அது கூடாது. ஒரே வீட்டுல பொறந்த அக்கா தங்கச்சிக்கே வேற வேற பதில் வரும். அதனால ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அளக்கறோம்."

நான் ஆமோதித்தேன். தலை கழுத்திலிருந்து கழன்று விழாத குறையாக ஆமோதித்தேன். அதற்கு மறுநாள்தான் அந்தக் காரியம் செய்தேன்.

மறுநாள் மத்தியானம் மூன்றரைக்கு லூயிசா என் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்தார். டிரேயில் பஞ்சு, கத்தரிக்கோலோடு அவருடைய ஃபாரமும் இருந்தது, ஒரு கட்டமும் நிரப்பாமல். நாலு மணிக்கு வார்டு குமாஸ்தா முருகையன் வந்து வாங்கிப் போய்விடுவார். காலையிலிருந்து உட்கார நேரமில்லை என்றார். இந்த ஃபாரத்தில் அவருக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்பதையும் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பதவி வருகிறது. நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து, என்ன சாப்பாடு, யாரிடம் எதைச் சொல்லலாம், எந்தச் சடங்குக்கு இடம் விட வேண்டும் என்று கேட்டு டாக்டர்களிடம் சொல்லுகிற வேலை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை. பகல் மட்டும். இந்த ஃபாரத்தில் வருகிற மார்க்கைப் பார்த்துத்தான் ஆளைப் பொறுக்குவார்கள்.

அந்தப் பகல் வேலை அவருக்கு ஏன் வேண்டும் என்றால், அப்பா. பிரகாசம் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். மூன்று வருஷமாக ஞாபகம் பிசகிவிட்டது. மாதத்தில் பாதி நாள் லூயிசாவுக்கு இரவு டியூட்டி. மாலை ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். தம்பி கிளிஃபர்ட் தி.நகரில் துணிக்கடை சூப்பர்வைசர், கடை சாத்தி வீடு வர மணி பத்து. நடுவில் மூன்றேகால் மணி நேரம் வாத்தியார் தனியாக இருப்பார். போன மாதம் அந்த நேரத்தில் எப்படியோ தாழ்ப்பாளைத் திறந்து, குடையை எடுத்துக்கொண்டு நடந்து, ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குக் கீழே நின்று, ஏன் இன்னும் பெல் அடிக்கவில்லை என்று போகிற வருகிறவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தாராம்.

"அங்கிள், கை க்ளவுஸ்ல இருக்கு. நீங்க படிங்க, நான் நம்பர் சொல்றேன், டிக் பண்ணிடுங்க" என்றார் லூயிசா.

எனக்குக் கை பரபரத்தது. எத்தனை வருஷம் கழித்து ஒரு ஃபாரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். லூயிசா சட்டென்று நம்பர் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யோசித்தார். மூணு என்பார், இருங்க என்பார், பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பார், அப்புறம் ரெண்டு என்பார். ஒன்பது வாக்கியம் முடிவதற்குள் மணி மூன்று ஐம்பது. அப்போது அடுத்த அறை மணி விடாமல் அடித்தது. லூயிசா கட்டை ஒட்டி, க்ளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வந்து சொல்கிறேன் என்று ஓடினார்.

வரவில்லை. மூன்று ஐம்பத்தைந்து. மூன்று ஐம்பத்தேழு. நடையில் முருகையனின் செருப்புச் சத்தம்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூறு வீட்டுக்குப் போகச் சொன்னால் நான் அறுபது வீட்டுக்குப் போவேன். மிச்சம் நாற்பதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதிவிடுவேன். எல்லோரும் செய்தார்களா தெரியாது, நான் செய்தேன். தெருவைப் பார்த்தால் தெரியாதா, எந்த வீட்டில் எத்தனை ஆடு என்று? முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு ஆடுகூட வந்து ஆட்சேபணை சொன்னதில்லை. நான் எழுதிய ஊர்கள்தான் எப்போதும் கணக்கு உதைக்காமல் வரும்.

அந்தக் கை இன்னும் என்னிடம்தான் இருந்தது. மூன்று நிமிஷத்தில் பதினேழு டிக்.

பத்தாவது வாக்கியம்: மேலே இருப்பவர் எடுத்த முடிவைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. சர்ச் வளர்ப்பு, கன்னியாஸ்திரீகளிடம் படிப்பு, பதினாறு வருஷம் யூனிஃபார்ம். ஐந்து. பதினாலாவது: தன் விருப்பத்தைவிடக் குடும்பத்தின் விருப்பமே பெரிது. அப்பாவுக்காக இந்தப் பாடு படுகிற பெண். ஐந்து. இருபத்திரண்டாவது: குடும்பத்தில் முக்கியமான முடிவுகளை ஆண்கள் எடுப்பதே பொருத்தம். இதில் ஒரு நொடி பேனா நின்றது. ஆனால் மேலிடத்துக்கு எப்போதும் அடக்கமான ஆள்தான் பிடிக்கும் என்பது என் முப்பத்துநாலு வருஷ அனுபவம். ஐந்து. நடுவே நம்பும்படி இருப்பதற்காக இரண்டு இடத்தில் மட்டும் நாலு. முருகையன் கதவைத் தள்ளியபோது நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்.

அரைமணி கழித்து லூயிசா மூச்சு வாங்க வந்து ஃபாரத்தைத் தேடினார். முடித்துக் கொடுத்தாயிற்று என்றேன். நான் பதிலே சொல்லவில்லையே என்றார். உங்கள் முகத்தைப் பார்த்தே எழுதிவிட்டேன், முப்பத்துநாலு வருஷம் பார்த்த வேலை இல்லையா என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. அவர் ஒரு விநாடி என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நடையில் யாரோ கூப்பிட்டார்கள். களைப்பாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடையில் நாலு எட்டு வைத்தபோது அடுத்த அறை வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள். ராயப்பேட்டை, நஸ்ருன்னிசா என்று பெயர். சர்க்கரையால் கால் விரல் ஒன்று கறுத்துப்போய், மறுநாள் எடுக்கப் போகிறார்கள்.

"இன்னா சாமி, நடக்க வுட்டாங்களா" என்று அவரே பேச்சை ஆரம்பித்தார். நான் என் முழங்காலின் வீர வரலாற்றை எடுத்துவிடுவதற்குள் அவர் தன் கதையைத் தொடங்கிவிட்டார். மத்தியானம் பெரிய டாக்டர் வந்தார், விரலை எடுக்க வேண்டும் என்று இவர் பிள்ளையிடம் சொன்னார், பிள்ளையும் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டான். இந்த அம்மாளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயத்தில் மணியை அழுத்திக்கொண்டே இருந்தாராம்.

"அப்பால அந்த நர்ஸம்மா ஓடியாந்துச்சு பாரு. டாக்டர் முன்னாடியே சொல்லுது, சார், ஒரு நிமிசம், வெரலு அவங்களுது, மொதல்ல அவங்கள கேளுங்கன்னு. டாக்டர் மூஞ்சி செவந்துகினு கீது. எம் புள்ளைய வெளிய நிக்க வெச்சிட்டு எங்கைல பேனாவ குடுத்துச்சு. எம் புருசன்கூட என்ன அப்படி ஒரு வார்த்த கேட்டதில்ல சாமி."

மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாலு அடிக்கப் போற நேரம் என்றார்.

அதாவது, சுவருக்கு அந்தப் பக்கம் லூயிசா ஒரு பெரிய டாக்டரை மறித்து நின்ற அதே நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் நான் அவர் பெயரில், மேலே இருப்பவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஐந்து போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது, ஆண்கள் முடிவெடுப்பதே பொருத்தம் என்று இன்னொரு ஐந்து.

வாக்கரைத் திருப்பிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு இட்லி இறங்கவில்லை. ஹம்சா, கால் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

அப்போதே அனுப்ரியாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். முருகையன் கொண்டு போன கட்டு இன்னும் பிரித்துக்கூட இருக்காது. சொல்லவில்லை. அடக்கமான மார்க் அவருக்கு நல்லதாகவே முடியலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தேன். பூங்கா நண்பர்கள் ஹார்லிக்ஸோடு பார்க்க வந்தார்கள். முழங்கால் கதை கேட்டார்கள். அன்றைக்கு மட்டும் கதை வரவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். அவர்கள் கவலையாகி, ஹம்சாவைத் தனியே கூப்பிட்டு டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பிசியோதெரபிக்குப் போனபோது லூயிசாவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பகல் வேலை ஷெரில் என்கிற இன்னொரு நர்ஸுக்குப் போய்விட்டது. சர்வீஸில் சின்னப் பெண், நல்ல பெண்தான் என்றார். தன் மார்க் சரியில்லையாம். அந்தப் பதவிக்கு டாக்டரிடம் நிமிர்ந்து பேசுகிற ஆள், வீட்டு ஆண்களைத் தாண்டி நோயாளியைக் கேட்கிற ஆள் வேண்டுமாம். லூயிசா அந்த மாதிரி இல்லை என்று ஃபாரம் சொல்கிறதாம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க என்ன எழுதினீங்க அங்கிள்?"

நல்லதாகத்தான் எழுதினேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, கால் எப்படி மடங்குகிறது என்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து ஹம்சாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது, பதினாலாவது என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். இருபத்திரண்டு வந்ததும் கத்தி நின்றது.

"ஆம்பளேள்தான் முடிவெடுக்கணும்னு எழுதிட்டு வந்தேளா? ஏன்னா, நம்மாத்துல இதுவரைக்கும் என்ன முடிவு எடுத்திருக்கேள் நீங்க? முழங்காலை மாத்தறதுகூட நான் சொல்லித்தானே போனேள்."

உண்மை. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் எடுத்த ஒரே பெரிய முடிவு, டி.வி.யை எந்தச் சுவரில் மாட்டுவது என்பது. அதையும் ஹம்சா மாற்றிவிட்டாள். என் வீட்டில் நான் பார்க்காத ஒன்றை, என் ஆற்றாமையில் நினைத்துக்கொள்கிற ஒன்றை, இன்னொரு பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறேன்.

நாளைக்கே போய்ச் சொல்லிவிட்டு வாங்கோ, ஆனா மொதல்ல அந்தப் பொண்ணுண்ட சொல்லுங்கோ என்றாள். இதுவும் அவள் எடுத்த முடிவுதான்.

மறுநாள் லூயிசாவை ஆஸ்பத்திரி கேன்டீனில் பிடித்தேன். பதினேழையும் வரிசையாகச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கேட்டார். பத்தாவதுக்கு ஐந்தா என்று ஒருமுறை கேட்டார், கோபமாக இல்லை, தெருவில் யாரோ தன் பெயரைச் சொல்லி வேறு யாரையோ கூப்பிட்டதுபோல. அனுப்ரியாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அதற்கு ஒரு கதையும் தயார் செய்திருந்தேன். சிஸ்டருக்குத் தெரியாமல் டிரேயிலிருந்து நானே ஃபாரத்தைத் திருடினேன், மயக்க மருந்து தெளியாத நிலையில் எழுதினேன் என்று. நல்ல கதை. எனக்கே கண் கலங்கும்படி இருந்தது.

லூயிசா யோசித்தார். ஃபாரத்தைத் தானே தனியாக நிரப்ப வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. நோயாளி கையில் கொடுத்தது அவர் தப்பு. உண்மையைச் சொன்னால் அவருக்கு மெமோ வரும். சொல்லாவிட்டால், வேலை போனது போனதுதான்.

"சொல்லுங்க. மெமோ வந்தா வரட்டும். ஆனா அங்கிள், கதை சேர்க்காதீங்க. என் பேர்ல ஏற்கெனவே ஒரு கதை அந்த ஃபைல்ல கீது" என்றார். ஒருபோதும் அவர் வாயில் வராத ராயப்பேட்டைப் பேச்சு அது. சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என்னால் சிரிக்க முடியவில்லை.

அனுப்ரியாவின் அறையில் நான் பேசியது ஐந்து வாக்கியம். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான், இதில் துளிகூட மிகையில்லை. ஒன்பது அவருடையது. பதினேழு என்னுடையது. அவர் கையில் க்ளவுஸ் இருந்தது, என்னை எழுதச் சொன்னார். அவர் போன பிறகு நானாக எழுதினேன். அவருக்கு அது தெரியவந்தபோது ஃபாரம் உங்களிடம் வந்துவிட்டிருந்தது.

அந்தப் பெண் ஃபைலைத் திறந்து, லூயிசாவின் தாளை எடுத்து, முதல் ஒன்பதையும் அடுத்த பதினேழையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்பது டிக்கும் இரண்டு, மூன்று, நாலு என்று அலைந்திருந்தன. பத்திலிருந்து நேர்கோடு மாதிரி ஐந்து, ஐந்து, ஐந்து. இதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மூணு வாரமா லூயிசா சிஸ்டர்னு நெனச்சு நான் படிச்சுக்கிட்டிருந்தது உங்களைத்தான் சார்" என்றாள். "அன்னிக்கு அவ்ளோ நேரம் தலையாட்டினீங்களே."

தீர்ப்பு இப்படி வந்தது. அந்தத் தாள் ரத்து. லூயிசாவுக்கு ஒரு மெமோ. ஷெரிலின் நியமனம் மூன்று மாதப் பரிசோதனை. மூன்று மாதம் முடிந்ததும் எல்லோருக்கும் மறுபடி ஃபாரம், அதிலிருந்து மறுபடி தேர்வு. அதுவரை லூயிசாவுக்கு வழக்கம்போல இரவு டியூட்டி.

மூன்று மாதம், மாதத்துக்குப் பதினைந்து இரவு. ஆறே முக்காலிலிருந்து பத்து வரை ஒரு மனுஷர் தனியாக. இந்தக் கணக்கைப் போட எனக்கு டீக்கடை பெஞ்ச் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில் அப்பாவோடு நான் உட்காருகிறேன் என்றதற்கு முதலில் லூயிசா வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை, வாசலில் போய் நின்றேன், அவ்வளவுதான். கைத்தடியும் நானுமாக ஷேர் ஆட்டோவில் சாந்தோம் போய், அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது உள்ளே நுழைவேன். கிளிஃபர்ட் வந்ததும் அவனே பைக்கில் என்னை மந்தைவெளியில் இறக்கிவிடுவான். ஹம்சா ஒரு டப்பாவில் தயிர் சாதம் கொடுத்துவிடுவாள், வாத்தியாருக்கும் சேர்த்து.

பிரகாசம் வாத்தியார் என்னைத் தன் பழைய மாணவன் என்று முடிவு செய்துவிட்டார். பெயர் தினமும் மாறும். என் முழங்கால் கதையை அவரிடம் எடுத்துவிட்டுப் பார்த்தேன். மந்தைவெளி முழுக்கக் கரண்ட் போனது என்றேன். எத்தனை வீடு என்று கேட்டார். ஆயிரம் என்றேன். எண்ணினாயா என்றார். அதோடு அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டேன். அவர் வாய்ப்பாடு கேட்பார், நான் ஒப்பிப்பேன். தப்பில்லாமல் சொன்னால்கூட, முகத்தைப் பார்த்துச் சொல்லு, ஜன்னலைப் பார்க்காதே என்பார். மூன்று முறை குடையை எடுத்துக்கொண்டு கதவருகே போனார். மூன்று முறையும் பெல் இன்னும் அடிக்கவில்லை சார் என்று சொல்லி உட்காரவைத்தேன். அது பொய்யா என்று தெரியவில்லை. அடிக்கவில்லை என்பது உண்மைதானே.

மூன்று மாதம் நேற்றோடு முடிந்தது.

நேற்று நான் போனபோது லூயிசா யூனிஃபார்மோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். புது ஃபாரம். இந்த முறை அனுப்ரியா உறையில் போட்டு வீட்டுக்கே கொடுத்துவிட்டிருந்தாள், தனியாக உட்கார்ந்து நிரப்ப. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதே யோசனை, பேனா நுனி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். வார்டில் ஆள் குறைவு, சீக்கிரம் வர முடியுமா என்று. லூயிசா எழுந்து பையை எடுத்தார். ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை அப்பாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் செருகி, பேனாவை அதன் மேல் வைத்துவிட்டு, காலையில் வந்து முடிக்கிறேன் என்று பொதுவாகச் சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியாருக்கு ஏழரைக்கு மாத்திரை. டப்பாவை எடுத்தேன். எடுத்துத்தானே ஆக வேண்டும். தாள் தெரிந்தது. ஒன்பது கட்டம் நிரம்பியிருந்தது. பத்தாவது காலி.

மேலே இருப்பவர் எடுத்த முடிவைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. ஒன்று என்று எனக்கு அடித்துச் சொல்ல முடியும். நஸ்ருன்னிசா சாட்சி. இருபத்திரண்டுக்கும் ஒன்று. இந்த ஒன்றுகள் எல்லாம் வந்துவிட்டால் திங்கட்கிழமை பகல் வேலை அவருக்குத்தான், வாத்தியார் தனியாக இருக்க வேண்டியதில்லை, நானும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பதினாலாவதில் கண் நின்றது. தன் விருப்பமா, குடும்பத்தின் விருப்பமா. மூன்று மாதம் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று இருப்பது அவர் விருப்பமா, அப்பாவுக்காகவா, தெரியாது. இரவு டியூட்டியில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அவர் என்ன செய்ய ஆசைப்படுவார், தெரியாது. நான் கேட்டதே இல்லை. பூணூலைப் பற்றி அவர் என்னைக் கேட்டாரே, அந்த மாதிரி ஒரு கேள்வி மூன்று மாதத்தில் நான் அவரைக் கேட்கவில்லை.

அப்படியும் கை சும்மா இருக்கிறதா. பேனாவின் மேல் விரல் இரண்டு போய் உட்கார்ந்துவிட்டது.

"டேய்" என்றார் பிரகாசம் வாத்தியார், பின்னாலிருந்து. "அடுத்தவ பேப்பர்ல உனக்கு என்ன வேலை?"

திரும்பினேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் பழைய வகுப்பறை முழுவதும் இருந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

"கையைக் கட்டு. அவ வர்ற வரைக்கும் அப்படியே உட்காரு."

அவருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, மேலே டப்பாவை வைத்தேன். பேனாவை எடுத்து வாத்தியாரின் சட்டைப் பையில் செருகினேன், அங்கே இருந்தால் என் கை போகாது. அப்புறம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டேன். மணி ஏழு முப்பத்தைந்து. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கிளிஃபர்ட் வருகிற வரைக்கும்.